தம்பிக்கு ஐ.டி.ஐ.யா, தங்கைக்கு நர்சிங்கா: பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: "நாங்கள் விழுப்புரம் பக்கம். அப்பாவுக்குக் கட்டட வேலை. தங்கை பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து 600க்கு 402 வாங்கியிருக்கிறாள். தம்பி பத்தாம் வகுப்பில் சுமாராகத் தேறினான். டவுனில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் தங்கைக்கு ஓராண்டு 'டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்', தம்பிக்கு ஆறு மாத 'ஃபயர் அண்ட் சேஃப்டி' என்று சொல்லி, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே கால் லட்சம் கேட்கிறார்கள். நூறு சதவீதம் வேலை என்கிறார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டி, தங்கையின் ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. இரண்டையும் கொடுத்துவிட்டோம். இது நல்ல கோர்ஸ்தானா? ஐ.டி.ஐ.க்குப் போனால் மரியாதை இருக்காது என்கிறார் அப்பா."

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக்கே போய் அந்த ஒரிஜினல்களைத் திரும்ப வாங்குங்கள். எப்படி வாங்குவது என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். அவை கையில் இல்லாவிட்டால் இதற்கு மேல் நான் சொல்லும் எதையும் உங்களால் செய்ய முடியாது.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக 24 ஆண்டுகள் இருந்தேன். ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் கையில் ஒரு நோட்டீஸோடு வருவார்கள். "சார், இந்தக் கோர்ஸ் நல்லதா?" என்று நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். நான் நோட்டீஸை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "பிள்ளை என்ன வேலைக்குப் போகணும்னு நினைக்கிறீங்க? அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க என்ன சர்டிபிகேட் கேட்கிறாங்க?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அவர்கள் மேல் தவறில்லை. நோட்டீஸ் வீட்டுக்கே வந்துவிடுகிறது, வேலையின் விவரத்தை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் வேலையிலிருந்து பின்னோக்கி வந்து படிப்பைப் பிடித்தால்தான் பணமும் வருடமும் மிஞ்சும். உங்கள் வீட்டு இரண்டு பேருக்கும் அப்படியே பார்ப்போம்.

தங்கை நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். சில வேலைகளுக்குத் திறமை மட்டும் போதாது, சட்டப்படி பதிவு எண் வேண்டும். நர்ஸ் வேலை அந்த வகை. தமிழ்நாட்டில் ஒருவர் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமானால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு ஜி.என்.எம்., நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் போன்ற படிப்புகளுக்குத்தான் கிடைக்கும். அதிலும் படித்த இடம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆள் எடுக்கும்போது ஸ்டாஃப் நர்ஸ் பதவிக்குக் கேட்பது ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி., கூடவே இந்தப் பதிவு.

ஓராண்டு 'நர்சிங் அசிஸ்டென்ட்' சான்றிதழுக்கு அந்தப் பதிவு கிடையாது. அதை முடித்த பெண்ணைச் சிறிய தனியார் மருத்துவமனைகள் வேலைக்கு எடுக்கின்றன, அது உண்மைதான். நோயாளியைத் துடைத்துவிடுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, வீல் சேரில் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் தேவையான, மதிப்புக்குரிய வேலைகள். ஆனால் பத்து வருடம் அங்கே உழைத்தாலும் அவள் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. ஆக வேண்டுமென்றால் அன்றைக்குப் போய் ஜி.என்.எம். முதல் வருடத்தில் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் 27 வயதில் அப்படித்தான் உட்கார்ந்தாள், கூடப் படித்தவர்கள் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். சேரும்போதே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சரி, உதவியாளர் வேலைதான் போதும் என்று உங்கள் தங்கையே தெரிந்து முடிவெடுத்தால், ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று சில மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது. அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் அதை இலவசமாகவே நடத்துகிறார்கள். அதற்கு இவ்வளவு பணம் கட்டத் தேவையில்லை.

402 என்பது மோசமான மதிப்பெண் இல்லை. அரசு நர்சிங் கல்லூரியில் பி.எஸ்சி. இடத்துக்குப் போட்டி அதிகம்தான், இருந்தாலும் விண்ணப்பம் போட்டுவையுங்கள். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. ஜி.என்.எம். இருக்கிறது. நர்சிங்கே வேண்டாம் என்றால் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பமான டி.எம்.எல்.டி. இரண்டு ஆண்டு, மருந்தாளுநர் ஆவதற்கான டி.ஃபார்ம். இரண்டு ஆண்டு. டி.ஃபார்ம். முடித்து, மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் முடித்து, பதிவுக்கான எக்ஸிட் தேர்விலும் தேறினால் பார்மசி கவுன்சிலில் பதியலாம். ஊரில் மெடிக்கல் ஷாப் வைப்பதற்கும் அந்தப் பதிவுதான் கை கொடுக்கும்.

உங்களுக்கு முண்டியம்பாக்கம் பக்கம்தானே. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தங்கையை அழைத்துக்கொண்டு ஒருநாள் போங்கள். பயிற்சிக்கு வந்திருக்கும் நர்சிங் மாணவிகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வருவார்கள். தங்கையே போய் அவர்களிடம் பேசட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். இரவு டியூட்டி எப்படி, கால் வலி எப்படி, முதல் முறை ரத்தம் பார்த்தபோது என்ன ஆச்சு என்று கேட்கட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி தம்பி. 'ஃபயர் அண்ட் சேஃப்டி' என்றதும் இரண்டு வேலைகள் கண் முன்னால் வரும். ஒன்று தீயணைப்புத் துறை. தமிழ்நாட்டில் தீயணைப்பாளரைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கிறது. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு, அப்புறம் எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு. தேர்வானவர்களுக்குத் துறையே பயிற்சி கொடுக்கிறது. தனியாரில் வாங்கிய டிப்ளமோவை யாரும் கேட்பதில்லை. அந்த ஆசை இருந்தால் 18 வயது வரைக்கும் தம்பி ஓடட்டும், கயிறு ஏறட்டும், அதற்குப் பணம் வேண்டாம். இன்னொன்று தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். அந்தப் பதவிக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது: பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ, அதன் மேல் தொழிற்சாலை அனுபவம், அதற்கும் மேல் அங்கீகரிக்கப்பட்ட தொழிலகப் பாதுகாப்புப் படிப்பு. சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துவது அந்த வகைப் படிப்பு. பத்தாம் வகுப்போடு ஆறு மாதக் கோர்ஸ் முடித்த பதினாறு வயதுப் பையன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. பதினெட்டு ஆனதும் அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கான்ட்ராக்டில் வாசல் காவல் அல்லது சைட் ஹெல்பர் வேலை. அதற்கு இந்தக் கோர்ஸே தேவையில்லை.

ஐ.டி.ஐ.யைப் பற்றி உங்கள் அப்பா நினைப்பது எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் 'படிக்காத பையன்தான் அங்கே போவான்' என்ற பேச்சு இருந்தது. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி, பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம். இரண்டு வருடம் ஃபிட்டரோ எலெக்ட்ரீஷியனோ முடித்தால் என்.டி.சி. என்கிற தேசியத் தொழிற்சான்று. அதைக் கொண்டு ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், உங்களுக்குப் பக்கத்திலேயே நெய்வேலி என்.எல்.சி. என்று அப்ரண்டிஸ் எடுக்கும் இடங்கள் பல. இதைவிட முக்கியம், படிப்பு அங்கே முடிந்துவிடுவதில்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். என்னிடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன்களில் இரண்டு பேர் அப்படிப் போய் இன்றைக்கு எஞ்சினியராக இருக்கிறார்கள். ஆறு மாத டிப்ளமோவிலிருந்து இப்படி மேலே ஏறுவதற்குப் படி எதுவும் கிடையாது.

தனியார் ஐ.டி.ஐ.களிலும் நல்லவை இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐ.டி.ஐ.களுக்கான என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் நிறுவனம் முழுக்க மொத்தமாக வருவதில்லை, ட்ரேடு வாரியாக, அதாவது ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனியாக வரும். வாசலில் போர்டு பெரிதாக இருக்கும், எலெக்ட்ரீஷியனுக்கு அங்கீகாரம் இருக்கும், நீங்கள் சேரப்போகும் ஏ.சி. மெக்கானிக்குக்கு இருக்காது. 'வரப்போகிறது' என்பார்கள். வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம். எந்த நிறுவனத்தில் எந்த ட்ரேடுக்கு எத்தனை இடம் என்பதெல்லாம் அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது.

இதே இடத்தில் நோட்டீஸில் வரும் வார்த்தைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். 'அரசு பதிவு பெற்றது' என்றால் அந்த நிறுவனம் ஒரு அறக்கட்டளையாகவோ கம்பெனியாகவோ பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மளிகைக் கடைகூடப் பதிவு பெற்றதுதான். கொடுக்கும் படிப்புக்கு அங்கீகாரம் என்பது வேறு விஷயம். 'ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்றது' என்பது அலுவலக நடைமுறைக்கான சான்று. அதைக் காட்டி எந்த கவுன்சிலிலும் பதிய முடியாது. பெயரில் 'நேஷனல்', 'பாரத்', 'இந்தியன் கவுன்சில்' என்று இருப்பதால் அது மத்திய அரசு ஆகிவிடாது. அங்கே போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "கடைசியில் கொடுக்கும் சர்டிபிகேட்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? போன வருஷம் முடித்த ஒருவருடைய சர்டிபிகேட்டின் ஜெராக்ஸ் காட்டுங்கள்." அதில் இருக்கும் பெயரை எழுதிக்கொண்டு வந்து தேடுங்கள். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில் அல்லது தமிழ்நாட்டுக் குழுமம், பாலிடெக்னிக் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதியும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும், ஐ.டி.ஐ. என்றால் என்.சி.வி.டி. அல்லது அதன் மாநில அளவிலான எஸ்.சி.வி.டி. இவை எதுவும் இல்லை, நிறுவனத்தின் பெயரே சான்றிதழ் கொடுப்பவராகவும் இருக்கிறது என்றால், அந்தக் காகிதத்துக்கு மதிப்புக் கொடுப்பது வேலைக்கு எடுப்பவரின் விருப்பம் மட்டும்தான். டேலி, தையல், செல்போன் சர்வீஸ் மாதிரி கைத்திறனைப் பார்த்து வேலை கொடுக்கும் துறைகளில் அது பரவாயில்லை. பதிவு எண் கேட்கும் துறைகளில் அது செல்லாது.

அப்புறம், ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்கள். விடுமுறை நாளில் போகாதீர்கள், வகுப்பு நடக்கும் நாளில் காலை பத்தரை மணிக்குப் போங்கள். ஆபீஸ் ரூமில் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். குடித்துவிட்டு, "செக்‌ஷனைப் பார்க்கணும்" என்று எழுந்துவிடுங்கள். ஃபிட்டர் செக்‌ஷனில் முதலில் வைஸைப் பாருங்கள், இரும்பை இறுக்கிப் பிடிக்க மேசையில் பொருத்தியிருக்கும் கருவி அது. பையன்கள் உண்மையிலேயே வேலை செய்கிற இடத்தில் வைஸின் வாய் தேய்ந்திருக்கும், கீழே இரும்புத் தூள் கிடக்கும், மிதித்தால் செருப்பில் ஒட்டும். லேத் பக்கம் போனால் கூலன்ட் வாசனை அடிக்கும், தட்டில் இரும்புச் சுருள் குவிந்திருக்கும். வெல்டிங் செக்‌ஷனில் டப்பா நிறைய எரிந்து முடிந்த ராடு துண்டுகள் கிடக்கும். பெயின்ட் பளபளப்பு குலையாமல், மேலே பிளாஸ்டிக் கவர் போட்ட மெஷின் வரிசையாக நின்றால், அது ஆய்வுக்கு வருபவர்களுக்காக வாங்கியது.

அங்கே ஒரு பையனைக் கூப்பிட்டு, "நீ செஞ்ச ஜாபைக் காட்டுப்பா" என்று கேளுங்கள். முதல் வருட ஃபிட்டர் பையன் கையில் அரம் போட்டுச் சதுரமாக்கிய இரும்புத் துண்டு ஒன்று இருக்கும், ஓரத்தில் அவன் நம்பர் பஞ்ச் ஆகியிருக்கும். அதில் மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்கொயருக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. நன்றாகக் கற்ற பையன் நீங்கள் கேட்பதற்கு முன்பே எந்த மூலையில் லேசாக வெளிச்சம் வருகிறது, ஏன் வந்தது என்று சொல்லிவிடுவான். ஜாப் என்றால் என்ன என்று அவன் பயிற்றுநர் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் நீங்கள் வெளியே வந்துவிடலாம். 24 ஆண்டுகளில் இதைவிட நம்பகமான சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

தம்பியும் கூட வர வேண்டும். அவனுக்கு எந்த மெஷின் பக்கம் கால் போகிறது என்று பாருங்கள். சில பையன்கள் வெல்டிங் பக்கமே நின்றுவிடுவார்கள், சிலர் அந்தச் சூட்டுக்கும் புகைக்கும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். எந்த ட்ரேடுக்கு இப்போது 'மார்க்கெட்' என்று கேட்பதைவிட அதைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. மனசு ஒட்டாமல் இரண்டு வருடம் இருந்தவன் சான்றிதழ் வாங்குவான், இன்டர்வியூவில் கை உதறும்.

'நூறு சதவீதம் வேலை' என்பதைப் பற்றி. அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 'வேலை வாங்கித் தர உதவுவோம்' என்று பேச்சு மாறும். போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேருடைய போன் நம்பர் கேளுங்கள், அவர்கள் தேர்ந்தெடுத்துத் தரும் மூன்று பேராக இல்லாமல் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கள் காட்டும் மூன்று பேர். போன் எடுத்தால், என்ன சம்பளம் என்பதோடு நிறுத்தாதீர்கள். கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா? பி.எஃப். பிடிக்கிறார்களா? தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள்? கூடச் சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் முழுக் கதையும் தெரிந்துவிடும்.

பணம் இல்லை என்று சொன்னால் சில இடங்களில் அங்கேயே ஒருவர் டேப்லெட்டோடு வந்து, "ஆதார் மட்டும் போதும், இ.எம்.ஐ. போட்டுக்கலாம்" என்பார். அது தனிநபர் கடன். அடுத்த மாதமே தவணை ஆரம்பிக்கும். பாதியில் நின்றாலும், அந்த நிறுவனமே மூடிப் போனாலும் உங்கள் அப்பாதான் கட்ட வேண்டும். வங்கியில் வாங்கும் கல்விக் கடன் அப்படியில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. வங்கி பெரும்பாலும் அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் கடன் கொடுக்கும். அதனால் வங்கி மேலாளரிடம் விசாரித்தால் படிப்பைப் பற்றியும் தெரிந்துகொண்ட மாதிரி ஆகும்.

இப்போது அந்த ஒரிஜினல்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்ன சான்றிதழ்களைக் கொடுத்தோம், சேர விருப்பமில்லை, சான்றிதழ்களையும் கட்டிய 5,000 ரூபாயையும் திருப்பித் தரவும். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் மட்டும் போகாமல் அப்பாவோடும், ஊரில் பேசத் தெரிந்த ஒருவரோடும் போங்கள். சத்தம் போட வேண்டாம். "சார் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றால் அங்கேயே உட்காருங்கள். மறுத்தால் நேராகக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் அந்த ரசீதின் போட்டோவைப் பார்த்ததுமே மார்க் ஷீட் வந்துவிடும். வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். பணத்துக்காக நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 5,000 ரூபாய் உங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர்கள் "பணத்தை விட்டால் பேப்பரைத் தருகிறோம்" என்றால், பேப்பரை முதலில் வாங்கிக்கொண்டு பணத்துக்குப் பிறகு போராடுங்கள். தங்கையின் கலந்தாய்வுக்கு அந்தப் பேப்பர்தான் வேண்டும், தேதி யாருக்காகவும் நிற்காது.

வாங்கியதும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை அம்மாவிடம் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.